காலாவதிப் பெட்டி

மாதத்தின் முதல் நாள் காலையில் அந்த மருந்துக்கடையில் ஒரு மணி நேரம் வியாபாரம் கிடையாது. தலை போகிற அவசரமென்றால் கொடுப்பார்கள். மற்றவர்கள் படியில் காத்திருக்க வேண்டியதுதான். கடைக்காரம்மா ஏணியில் ஏறி, ஒவ்வொரு மாத்திரை அட்டையையும் திருப்பித் தேதி பார்ப்பார். தேதி தாண்டியது கீழே நிற்கும் தங்கையின் கைக்குப் போகும். தங்கை அதை ‘காலாவதி’ என்று எழுதிய பெட்டியில் போடுவாள்.

அப்படிப் பெட்டிகள் இரண்டு இருந்தன. ஒன்றை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கம்பெனி வண்டிக்காரர் வந்து எடுத்துப்போவார். மற்றது இடத்தைவிட்டு நகராது. அதில் மேலாக நாலு காலிப் புட்டிகள். அடியில் ஒரு சிவப்பு உறை. உறைக்குள் வீட்டுப் பத்திரம், வங்கிக் காகிதங்கள், உயில். எல்லாம் கடைக்காரம்மா பெயரில் உள்ளவை. ஒளித்துவைத்த யோசனை மட்டும் கணவருடையது. “திருடன் வந்தா காலாவதி மருந்தையா தூக்கிட்டுப் போவான்?” என்பார். அவர் கண்மூடி ஒன்பது வருடமாகிறது.

திருடன் தூக்கவில்லை. வண்டிக்காரர் தூக்கிவிட்டார்.

அன்று கடைக்காரம்மா தங்கையின் முழங்காலைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். பக்கத்துப் பல் டாக்டரிடம் சாவியைக் கொடுத்து, காலாவதிப் பெட்டியை எடுக்க ஆள் வரும், திறந்துவிடுங்கள் என்று சொல்லியிருந்தார். எந்தப் பெட்டி என்று சொல்லவில்லை. திரும்பி வந்து பார்த்தால் இரண்டு பெட்டியும் இருந்த மூலை துடைத்துவிட்டதுபோல் இருந்தது. கடவுள் படத்தின் முன் போய் நின்றார். என்ன கேட்பது என்றுகூடத் தோன்றவில்லை.

விளக்கேற்றும் நேரத்தில் வண்டிச் சத்தம் கேட்டது.

“அக்கா, இது உங்களுதா பாருங்க.” வண்டிக்காரர் சிவப்பு உறையை இரண்டு கையாலும் நீட்டினார். “கிடங்குல இறக்கும்போது பார்த்தேன். தொட்டுப் பார்த்தா வீட்டுக் காகிதம் மாதிரி இருந்துச்சு. பிரிக்கலக்கா.”

“அவ்வளவு தூரம் இதுக்காகவா திரும்பி வந்தீங்க?”

“மூணு மாசம் கழிச்சு வந்து கொடுத்தா நல்லாவா இருக்கும்?”

பணம் நீட்டியபோது பின்னால் நகர்ந்துகொண்டார். தலைவலி மாத்திரை ஒரு அட்டை கேட்டு, அதற்கும் காசு வைத்துவிட்டுப் போனார். உலகம் இன்னும் சாயாமல் நிற்பது இப்படிப்பட்டவர்கள் முட்டுக் கொடுப்பதால்தான்.

எல்லாம் இருக்கிறதா என்று பார்க்கத்தான் கடைக்காரம்மா உறையைப் பிரித்தார். உயிலை இருபத்திரண்டு வருடம் கழித்து அன்றுதான் படித்தார். எல்லாம் கணவருக்கு, அவருக்குப் பின் மகனுக்கு. வங்கியிலும் நாமினி கணவர்தான். தங்கையின் பெயர் எங்கேயும் இல்லை. உயில் எழுதியபோது தங்கை தன் குடும்பத்தோடு வேறு ஊரில் இருந்தாள். பிறகு புருஷனை இழந்து வந்தாள். அக்காள் கணவர் படுத்த படுக்கையாகக் கிடந்த இரண்டு வருடம் முகம் சுளிக்காமல் அள்ளிப்போட்டாள். அன்றிலிருந்து மாடி அறைதான் அவளுக்கு வீடு.

“செத்துப்போனவருக்குல்லடி எல்லாத்தையும் எழுதி வச்சிருக்கேன்!”

“விடுக்கா. அத்தான் வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்குவாரு,” என்றாள் தங்கை.

கடைக்காரம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஊரார் மாத்திரைக்கெல்லாம் தேதி பார்த்த கண், தன் வீட்டுக் காகிதத்தைப் பார்க்கவில்லையே என்று உறுத்தியது. மறுநாளே வங்கிக்குப் போய் நாமினியை மாற்றினார். உயிலுக்கு வக்கீலம்மாவிடம் நாள் குறித்தார்.

அதற்குள் ஞாயிற்றுக்கிழமை மகன் வந்தான். கையில் டைப் அடித்த பத்திரம். வீட்டை இப்போதே அவன் பெயருக்கு மாற்றுகிற பத்திரம்.

“ஒண்ணுமில்லம்மா, பென்சில் புள்ளி வச்ச இடத்துல கையெழுத்துப் போட்டா போதும். வீட்டைக் காட்டி லோன் வாங்கலாம்னு இருக்கேன். நாளைக்கு உனக்கும் அலைச்சல் இல்ல.”

அவர் பூதக்கண்ணாடியை எடுத்தார்.

“அதையெல்லாம் ஏம்மா படிச்சுக்கிட்டு?”

“மருந்துக்குள்ள மடிச்சு வச்சிருக்கிற பொடி எழுத்தையே படிக்கிறவ நான்.”

ஏழு பக்கத்தையும் படித்தார். அவர் உயிரோடு இருக்கும்வரை அங்கே குடியிருக்கலாம் என்று ஒரு வரிகூட இல்லை.

“சித்தி எங்கடா இருப்பா?”

மகன் குரலைத் தாழ்த்தினான். “நல்ல முதியோர் இல்லமா ஒண்ணு பார்த்திருக்கேன். மாடியை வாடகைக்கு விட்டா...”

“காது நல்லாத்தான் கேக்குது துரை, முழங்கால்தான் கேக்க மாட்டேங்குது,” என்று படிக்கட்டிலிருந்து குரல் வந்தது.

கடைக்காரம்மா பத்திரத்தை நாலாக மடித்து அவன் முன் வைத்தார். “போட மாட்டேன்.”

“பெத்த பிள்ளையை நம்பலையா?”

“நம்புறேன். டாக்டரையும்தான் நம்புறேன். அதுக்காகச் சீட்டைப் படிக்காம மருந்து கொடுக்கிறேனா?”

“அப்ப இனிமே இந்த வாசலை மிதிக்க மாட்டேன்.”

கடைக்காரம்மா பூதக்கண்ணாடியை மேஜை இழுப்பறையில் வைத்து மூடினார்.

“வாசல் எப்பவும் திறந்திருக்கும். எப்ப வந்தாலும் சோறு உண்டு. கையெழுத்து மட்டும் கிடையாது. சித்தி இருக்கிறவரைக்கும் மாடி அவளுக்கு. அப்புறம் எல்லாம் உனக்குத்தான். அப்படித்தான் எழுதப்போறேன், எழுதி உனக்கும் ஒரு நகல் கொடுப்பேன். எனக்கு ஒளிச்சு செய்யத் தெரியாது.”

அவன் காப்பியைக்கூடத் தொடாமல் போனான். அன்று இரவு அவர் அழுதார். அழுதார், ஆனால் மனதை மாற்றிக்கொள்ளவில்லை.

உயிலில் கையெழுத்திட்ட நாளில் சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும், சொத்தில் பங்கில்லாதவர்களாக இருக்க வேண்டும் என்றார் வக்கீலம்மா. பல் டாக்டர் ஒருவர். மற்றவர் வண்டிக்காரர், சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

“என்னையாக்கா போயி சாட்சிக் கையெழுத்துக்குக் கூப்பிட்டீங்க?”

“பிரிக்காமக் கொண்டு வந்தீங்களே, உங்களைவிட யாரு இருக்கா?”

மூலத்தை வக்கீலம்மாவிடமே விட்டார். ஒரு நகலை மகனுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினார். அது திரும்பி வரவில்லை, வாங்கியிருக்கிறான். அதுவே அவருக்கு அப்போதைக்குப் போதுமாக இருந்தது. அடுத்த மாதத்தின் முதல் நாள் காலையில், ஏணியில் ஏறுமுன், இன்னொரு நகலை உறையில் போட்டு, மேலே சிவப்பு மையில் ஒரு தேதி எழுதினார். சரியாக ஒரு வருடம் கழித்து வரும் முதல் நாள்.

“இது எதுக்குக்கா?” என்றாள் தங்கை.

“அன்னைக்குத் திரும்ப எடுத்துப் படிக்கணும்.”

“அப்ப என்னையும் ஒருதடவை திருப்பிப் பாரு. எனக்குத் தேதி தாண்டி ரொம்ப நாளாச்சு.”

“உன்னை எந்தப் பெட்டியிலயும் போடறதா இல்ல. ஏணியைப் பிடி,” என்றார் அக்காள்.