கதவில்லாத கோட்டை

தீப்பெட்டியில் ஒட்டப் புது லேபிள் கட்டைப் பிரித்ததும் பாக்கியவதிக்குக் கை ஓடவில்லை. படத்தில் ஒரு மதில், அதற்கு மேல் நெருப்பு, நடுவில் கதவே இல்லாத வாசல். தனுஷ்கோடி முதலாளியின் தீப்பெட்டிக் கம்பெனிக்கு இனி இதுதான் மார்க். சிவகாசி அச்சாபீஸில் மிஷின் மாட்ட வந்த ஜெர்மன்காரரின் பெட்டியில் இருந்த அவர் ஊர்ச் சின்னம் அது. பார்த்ததும் முதலாளிக்குப் பிடித்துப்போனது. அர்த்தம் கேட்கிற வழக்கம் அவருக்கு எதிலுமே கிடையாது.

கேட்டவன் அச்சாபீஸில் அதை அச்சுக்கல்லில் வரைந்த இன்பராஜ், பாக்கியவதியின் புருஷன். மிஷன் பள்ளிக்கூடத்து இங்கிலீஷை வைத்துக்கொண்டு கேட்டுவந்து அவளிடம் சொல்லியிருந்தான். ஒரு காலத்தில் அந்த ஊரில் தீப்பிடித்ததாம். சனம் வரி கட்டாமல் ஓடிவிடும் என்று பிரபு கோட்டைக் கதவைப் பூட்டிவிட்டானாம். பாதி ஊர் உள்ளேயே வெந்தது. மிஞ்சியவர்கள் கதவைக் கழற்றி எறிந்துவிட்டு, வெறும் வாசலையே சின்னமாக வைத்துக்கொண்டார்களாம்.

பாக்கியவதி தன் முழங்கையைத் தடவினாள். போன சீசனில் தீக்குச்சி மருந்துக் கொட்டகை பற்றி இங்கேயும் பரவியபோது அத்தனை பொம்பளைகளும் இந்த லேபிள் கொட்டகையின் தகரக் கதவில்தான் முட்டிக்கொண்டு நின்றார்கள். வெளியே பூட்டிவிட்டு டீ குடிக்கப் போன காவலாள் மொக்கைச்சாமி சாவியோடு வருவதற்குள் அவள் தோல் உரிந்துவிட்டது. பேச்சியம்மாள் பிழைக்கவில்லை. அதற்குப் பிறகும் பூட்டு தொங்குகிறது. எல்லாம் பொம்பளைகள் பாதுகாப்புக்காம். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுதது.

புது லேபிளைப் பார்க்க அன்று முதலாளியே உள்ளே வந்தார். அவர் பின்னால் வழக்கம்போல வெளியே பூட்டு விழுந்தது. பாக்கியவதி எழுந்து நின்றாள்.

"மொதலாளி, பூட்ட எடுக்கச் சொல்லுங்க. இனிமே பூட்டுன கதவுக்குள்ள நாங்க வேல பாக்க மாட்டோம்."

"இஷ்டமில்லாதவ நாளையிலருந்து வராத."

அவள் பசைச் சட்டியையும் லேபிள் கட்டையும் தூக்கிக்கொண்டு போய்க் கதவில் ஒன்றை ஒட்டினாள். பக்கத்தில் இன்னொன்று. பயம் இல்லாமல் இல்லை, ஆனால் ஆத்திரம் அதைவிடப் பெரிதாக இருந்தது. பேச்சியம்மாளின் மகள் தங்கத்தாய் தன் சட்டியோடு வந்தாள். பிறகு ஒவ்வொருத்தியாக எல்லோரும் வந்தார்கள். கைக்கு எட்டிய உயரம்வரை தகரம் மறைந்து, கதவில்லாத வாசல்களாகவே ஆகிவிட்டது.

முதலாளி வெளியேறப் பார்த்தார். "ஏலே மொக்கைச்சாமி, கதவத் தொறலே."

சத்தமில்லை.

"டீ குடிக்கப் போயிருப்பாக மொதலாளி," என்றாள் பாக்கியவதி. "வரட்டும், நில்லுங்க."

அவர் இரண்டு கையாலும் கதவைத் தள்ளினார். அது அசையவில்லை. கையை எடுத்தபோது, ஈரப் பசையோடு ஒரு கோட்டை அவர் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு வந்தது.