எடுத்தவள்

மருந்துக்கடையின் பின்னறையில் புளோறன்ஸ் சோற்றுப் பார்சலைப் பிரித்தபோதுதான், கூட வேலை செய்யும் ருக்கியா தன் போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள். கொட்டாஞ்சேனையில் ஏதோ டியூஷன் கிளாசின் பின்சந்து. சீருடை போட்ட இரண்டு பிள்ளைகள் இன்னொருத்தியைத் தலைமயிரில் பிடித்துச் சுவரில் மோதினார்கள். உதடு பிளந்து வெள்ளைச் சட்டையில் இரத்தம் வடிந்தது. விழுந்த பிறகும் வயிற்றில் உதைத்தார்கள். அடிவாங்கியவள் சாருஜா. போன நத்தார்ப் பண்டிகைக்கு மகளோடு வீட்டுக்கு வந்து கேக் சாப்பிட்டுப் போன பிள்ளை. நாற்பதாயிரம் பேர் பார்த்திருந்தார்கள். வீடியோ எடுத்தவளின் முகம் விழவில்லை, சிரிப்பு மட்டும் கேட்டது. அந்தச் சிரிப்பைப் புளோறன்ஸ் பதினைந்து வருடமாகக் கேட்டு வருகிறாள்.

சோற்றை அப்படியே மூடி வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள். காய்ச்சல் என்று சொல்லி இரண்டு நாளாகப் படுத்திருந்த மகள் டில்ஷானி, சுவரைப் பார்த்துச் சுருண்டபடி போன் திரையை விரலால் தள்ளிக்கொண்டிருந்தாள். கேட்டதும் மறைக்கவில்லை.

"அடிச்சது நானில்ல மம்மி. நான் எடுத்தது மட்டுந்தான்."

புளோறன்ஸ் செருப்பைக் கழற்றினாள். தோளில், முதுகில், கன்னத்தில் என்று கை போன இடமெல்லாம் அடித்தாள். மூக்கால் இரத்தம் வந்தும் கை நிற்கவில்லை. மகள் முகத்தைப் பொத்தவேயில்லை. ஜன்னலுக்கு வெளியே எதிர் மாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடிங்க. ஜன்னலை மட்டும் சாத்துங்க. யாராவது எடுத்திடுவாங்க."

செருப்பு கையிலேயே நின்றது. கட்டிலில் கிடந்த போன் வெளிச்சமாக இருந்தது. டில்ஷானியின் படம், பெயர், பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் யாரோ போட்டிருந்தார்கள். இவளின் பல்லை உடைக்க வேண்டும் என்று கீழே ஒருவன் எழுதியிருந்தான். இன்னும் ஏன் உயிரோடு இருக்கிறாய் என்று ஒருத்தி. இப்படி நூற்றுக்கணக்கில். நாலைந்துக்கு மேல் புளோறன்ஸால் வாசிக்க முடியவில்லை. இரண்டு நாள் காய்ச்சல் என்னவென்று அப்போதுதான் விளங்கியது. அதற்காகச் சாருஜாவின் இரத்தம் இல்லையென்று ஆகிவிடாது. ஈரத்துணியால் மகளின் மூக்கைத் துடைத்தாள். போனை அங்கேயே விட்டுவிட்டு, மணிக்கட்டைப் பிடித்து ஜிந்துப்பிட்டியிலிருந்த சாருஜாவின் வீட்டுக்கு இழுத்துப் போனாள். வழியெல்லாம் டில்ஷானி தலையைக் குனிந்தே வந்தாள்.

கதவு சங்கிலியளவுக்குத்தான் திறந்தது. சாருஜாவின் ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. மற்றக் கண் வந்தவர்களின் முகத்தைப் பார்க்காமல் கைகளைத் தேடியது.

"கையைக் காட்டு. போன் இருக்கா?" என்றாள்.

டில்ஷானி இரண்டு உள்ளங்கையையும் விரித்தாள்.

"அன்ரி, நீங்களும்."

புளோறன்ஸ் கைப்பையைப் படியில் வைத்துவிட்டுத் தன் கைகளையும் நீட்டினாள். உள்ளே யாரோ யாரென்று கேட்டார்கள். சாருஜா சங்கிலியைக் கழற்றவில்லை. பின்னேர வெயிலில் நான்கு வெறுங்கைகளும் விரிந்தபடியே இருந்தன.