வலது தூண்

சவப்பெட்டியின் மூடியைச் சுவரோரம் சாத்திவிட்டு, அப்பாவின் நண்பர்களை இர்மா ஒவ்வொருவராகப் பார்த்தாள். குத்தைசி நகரச் சந்தையில் பாலாடைக்கட்டி விற்கிறவள் அவள். தொட்டுப் பார்க்காமலே சரக்கின் தரம் சொல்லிவிடுவாள். ஐந்து கிழவர்கள் நின்றார்கள். உருப்படியான முழங்கால் எல்லோருக்கும் சேர்த்து மூன்று தேறினால் அதிகம்.

"மாமா, கீழ வண்டிக்காரங்க சும்மாதான் நிக்கிறாங்க. அவங்களே இறக்கிடட்டுமே. மூணு மாடி."

மேராபின் முகம் தொங்கிவிட்டது. அவளுடைய அப்பா தெங்கிஸோடு ஊர் அணியில் ரக்பி ஆடியவர் அவர். "கூலி ஆள் வச்சு தெங்கிஸை இறக்குறதா? அதுக்கு எங்களையும் இந்தப் பெட்டியிலயே போட்டு மூடிடு."

"உங்க முட்டி படி ஏறவே அந்தப் பாடு பட்டுச்சே மாமா."

"இடது தூணா நின்னவனுக்கு முட்டி போகாம வேற எது போகும்?"

ரக்பியில் இரு அணியும் குனிந்து, தலையோடு தலை கோத்து முட்டித் தள்ளும் கட்டம் ஒன்று உண்டு. முன்வரிசையில் மூன்று பேர். இரண்டு ஓரத்திலும் தூண்கள், நடுவில் ஒருவன். அந்த நடுவாள் பத்ரி.

"உனக்காவது ஒரு தோள் வெளிய காத்து வாங்கும்டா," என்றார் பத்ரி. "எனக்கு ரெண்டு கையும் உங்க முதுகுமேல. மூக்கு அரிச்சா எதிராளிதான் சொறிஞ்சுவிடணும்."

"பின்னாலேருந்து தள்ளின என் காதைப் பாருங்கடா," என்றார் ஜும்பேர். "நசுங்கிப் போயி, கண்ணாடி மாட்டக்கூட இடமில்ல."

"வலது தூணுக்கு?" என்று கேட்டாள் இர்மா.

பத்ரிதான் சொன்னார். "அது வேற கணக்கு, பாப்பா. அவன் தலை எதிராளி ரெண்டு பேருக்கு நடுவுல போய் மாட்டும். ரெண்டு பேர் பாரமும் ஒரே கழுத்துல இறங்கும்."

அந்தக் கழுத்தை அவளுக்குத் தெரியும். எலும்பு தேய்ந்து, படுத்தால் கையெல்லாம் நெருப்பாக எரிகிறது என்று, அப்பா வருடக்கணக்கில் நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கினார். அந்த நாற்காலியிலேயே போய்ச் சேர்ந்தார். இப்போதுதான் கால் நீட்டி மல்லாந்து படுத்திருக்கிறார். வலிக்கவில்லையே என்று கேட்க வாய் வந்தது.

"சரி, தூக்குங்க," என்றாள்.

ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமல் அவரவர் இடத்துக்குப் போனார்கள். பத்ரி எண்ணினார். பெட்டி எழுந்தது. முன்பக்கத்து வலது மூலை மட்டும் மேசையிலேயே கிடந்தது. அப்பா ஒரு பக்கமாகச் சரிந்தார்.

"இறக்கு, இறக்கு. எவன்டா அந்த மூலையில?" என்று சீறினார் மேராப்.

அங்கே யாருமில்லை. ஐந்து பேரும் பழைய நாள் ஞாபகத்தில் அவரவர் பழைய இடத்தில் நின்றிருந்தார்கள். அந்த மூலை தெங்கிஸுடையது. மேராப் அந்த வெற்றிடத்தைப் பார்த்தார். பிறகு யாரையும் பார்க்கவில்லை.

ஜன்னலில் தலையை நீட்டி ஒரு குரல் கொடுத்தால் போதும், வண்டிக்காரர்கள் வந்துவிடுவார்கள். பேரம் அவள் பக்கம் முடிந்துவிடும். இந்த ஐந்து பேரும் இனி இந்த வாசலை மிதிக்க மாட்டார்கள். இர்மா குதிகால் உயர்ந்த செருப்பைக் கழற்றினாள். அந்த மூலையில் போய் நின்றாள்.

"பொம்பளையா பெட்டி தூக்குறது? ஊரே சிரிக்கும்டி," என்றாள் பெட்டியருகே உட்கார்ந்திருந்த அத்தை.

"பாலாடைக்கட்டிக் கூடையைத் தினம் தூக்குறேன். அதுக்கு ஊர் சிரிக்கலையே அத்தை."

பக்கத்தில் நின்ற பத்ரியின் கை அவள் முதுகைச் சுற்றி வந்து, அக்குளுக்குக் கீழே அவள் மேல்கோட்டைக் கொத்தாகப் பிடித்தது. "கழுத்தைச் சுருக்காத. இடுப்பை இறக்கு. என்மேல சாஞ்சுக்கோ, நான் இருக்கேன்."

வாசலில் பெட்டியின் கால்பக்கத்தால் நிலையை மூன்று முறை தட்டினார்கள், அப்பா வீட்டிடம் விடைபெறுவதற்காக. மூன்றாவது தட்டு அவள் தோளெலும்பில் இறங்கியது.

படிகளில் மேராபின் மூச்சு விசிலடித்தது. ஒரு பக்கம் பெட்டி, மறுபக்கம் பத்ரியின் உடம்பு. இரண்டாம் மாடித் திருப்பத்தில் அவளால் எந்தப் பக்கமும் தலையைத் திருப்ப முடியவில்லை. ஒவ்வொரு படியாகப் பாதத்தால் தடவித் தடவி இறங்கினாள்.

கீழே வண்டிக்காரர்கள் பெட்டியை வாங்கி உள்ளே தள்ளினார்கள். மேராப் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டார். பெண்கள் ஒப்பாரியை ஆரம்பித்தார்கள். பத்ரி மட்டும் அவள் மேல்கோட்டைப் பிடித்த பிடியை விடவில்லை. இர்மாவும் நகரவில்லை. வண்டி கிளம்பும்வரை இருவரும் ஒரே பக்கம் பார்த்தபடி கொஞ்சம் குனிந்தே நின்றார்கள்.