பாலத்துக்கு அந்தப் பக்கம் மலிவு

1

இந்தக் கதை என் சட்டையிலிருந்து கிளம்பியது. கீழ்வீட்டுத் தையல்காரியிடம் காலர் மாற்றக் கொடுத்திருந்தேன். திரும்பி வந்த சட்டையில் பெட்ரோல் நாற்றம். கேட்டேன்.

"அவர் டாக்ஸி ஓட்டுறவரு இல்லையா சார், ஒட்டிக்குது" என்று சிரித்தாள். ஆனால் அவள் கதவைச் சாத்திய வேகம் அந்தச் சிரிப்புக்குப் பொருந்தவில்லை. மிச்சத்தைப் பிற்பாடு அவளே சொன்னாள். சொல்லாமல் விட்டதை நான் இட்டுக்கட்டியிருக்கிறேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை சரிந்துகொண்டிருந்த அந்த வாரத்தில்...'

வேண்டாம். இதற்குச் செய்தித்தாள் போதும்.

மறுபடி. ஊரை ஓர் ஆறு இரண்டாகப் பிரிக்கிறது. இந்தக் கரையில் ஒரு நிர்வாகம், அந்தக் கரையில் வேறு. வரியும் வேறு. அதனால் பாலத்தைத் தாண்டினால் பெட்ரோல் மலிவு. தையல்காரியின் கணவன் அந்தப் பக்கம் சவாரி போகும்போதெல்லாம் டிக்கியில் இரண்டு கேன் நிரப்பி வந்து, தெரிந்த ஓட்டுநர்களுக்கு விற்றான். கையில் காசு புரண்டதும் ஆசை விடுமா? கட்டிலுக்கடியில் கேன்கள், பரணில் கேன்கள், கடைசியில் தையல் மிஷினுக்குப் பின்னாலும் கேன்கள்.

(அவனைப் பேராசைக்காரனாக எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. மகளுக்கு உடம்பு சுட்டால் வண்டியை எடுக்காமல் அவளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறவன் அவன்.)

3

எண்ணெய் விலை மேலும் விழுந்தது. இந்தக் கரையில் பெட்ரோல் விலையைக் குறைத்தார்கள். அந்தக் கரையில் குறைக்கவில்லை, விழுந்த அளவுக்கு வரியை ஏற்றிக்கொண்டார்கள். இப்போது இந்தப் பக்கம்தான் மலிவு. வீட்டுக்குள் கிடந்த பெட்ரோலைச் சீண்ட ஆளில்லை.

"வித்துத் தொலைங்க."

"நட்டத்துக்கா? கொஞ்சம் பொறு, ஏறும்."

"எப்போ?"

"ஏறாம எங்க போகும்?"

"அதுவரைக்கும் நான் இஸ்திரிப் பெட்டிய சொருகக் கூடாது, அடுப்பப் பத்த வைக்கக் கூடாது. பிள்ளைக்கு ரொட்டியும் பழமும். அப்படித்தானே?"

அவன் டாக்ஸிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

4

கேன்கள் வீட்டுக்குள் நுழைந்ததுமே உங்கள் மூக்கில் புகை ஏறியிருக்கும். எனக்கும்தான். ஒரு தீ விபத்தையே எழுதினேன். நன்றாகத்தான் எரிந்தது. அந்த வீட்டுக்கு நேர் மேலே நான் குடியிருக்கிறேன் என்பது உறைத்ததும் கிழித்துப் போட்டேன்.

நடந்தது வேறு. மதியம் பள்ளிவிட்டு வந்த மகள், "அம்மா, தரையெல்லாம் ஈரம்" என்றாள். கட்டிலுக்கடியில் ஒரு கேனின் அடி விரிசல் விட்டிருந்தது. மிஷின் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தையல்காரியின் கை ஸ்விட்சுக்குப் போய்ப் பாதியில் நின்றது. அணைத்தாலும் பொறி, அணைக்காவிட்டாலும்...

மகளை வாரித் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினாள். வீடு வீடாகக் கதவைத் தட்டினாள். "எதையும் பத்த வைக்காதீங்க! வெளிய வாங்க!"

தெருவுக்கு வந்ததும் என் போனை வாங்கித் தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிட்டாள்.

"அவர்கிட்ட ஒரு வார்த்தை..." என்று இழுத்தேன்.

"சொன்னா 'பொறு'ன்னுவார் சார்."

5

தீயணைப்பு வீரர்கள் கேன்களைத் தூக்கித் தூக்கி வெளியே அடுக்கினார்கள். கூடவே போலீஸ் அதிகாரி ஒருவரும் வந்தார். அந்த நேரம் பார்த்து டாக்ஸி தெருமுனையில் திரும்பியது. கூட்டத்தைக் கண்டு அங்கேயே நின்றது. கணவன் இறங்கினான்.

"இதெல்லாம் யாரோடதும்மா?" என்றார் அதிகாரி.

அவள் கூட்டத்தின் தலைகளுக்கு மேலாகக் கணவனைப் பார்த்தாள். அவன் லேசாகத் தலையை ஆட்டினான். சொல் என்கிறானா, சொல்லாதே என்கிறானா? அவளுக்குப் புரியவில்லை. இதை நாலு விதமாக எழுதிப் பார்த்த எனக்கும் புரியவில்லை.

மகள் "அப்பா" என்று சொல்ல வாயெடுத்தாள். தையல்காரி அவள் கையை இறுக்கினாள். பிறகு அதிகாரியைப் பார்த்துப் பதில் சொன்னாள்.

சொன்னது என் காதில் விழுந்தது. ஆனால் வழக்கு இன்னும் முடியவில்லை. இதுவரை எழுதியதையெல்லாம் கற்பனை என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். அந்த ஒரு வாக்கியத்தை எழுதினால் அது சாட்சியமாகிவிடும்.

நீங்கள் அங்கே இல்லை. அதனால் நீங்கள் எழுதலாம். எழுதும்போது, அந்தப் பிள்ளையும் கேட்டுக்கொண்டிருக்கிறது என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.