நாளைக்குக் கப்பல்

நர்ஸ் ரொசெண்டா பக்கத்துக் கட்டிலைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அதில் கிடந்தவனைக் காலையில்தான் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் மாந்தோப்பில் புதைத்துவிட்டு வந்தார்கள். மூங்கில் இடுக்கில் இறங்கிய ரத்தம் லேசில் போகாது. அவளும் விடுவதாக இல்லை.

"என்ன மனாங், அவனும் கப்பல் ஏறிட்டானா?" என்று கேட்டான் இலாரியோ. அவளுடைய ஒரே தம்பி. அக்காவை மனாங் என்றுதான் அந்தப் பக்கத்தில் கூப்பிடுவார்கள்.

"வாயை மூடிக்கிட்டுப் படு."

"எனக்கு எப்போ கப்பல்?"

"உனக்குக் கப்பல் ஒண்ணுதான் குறைச்சல். கால் ஆறட்டும், ஓட்டைப் படகுல ஏத்தி அம்மாகிட்ட தள்ளிவிடுறேன். அப்புறம் அவ பாடு, உன் பாடு."

அவன் சிரித்தான். இந்தப் பதிலைக் கேட்கத்தான் தினமும் அதையே கேட்டான். இதைச் சொல்ல முடிகிற வரைக்கும் அவளுக்கும் தெம்பு இருந்தது.

கப்பல் என்றால் அந்த வார்டில் வேறு அர்த்தம். அந்த அர்த்தத்தை உண்டாக்கியவள் ரொசெண்டாவேதான். சண்டை தொடங்கி, தீவின் பள்ளிக்கூடம் ராணுவ ஆஸ்பத்திரியான நாளிலிருந்து, காயம்பட்டவர்களைத் தெற்கே கொண்டுபோகக் கப்பல் வரும் வரும் என்று மேலிடம் சொல்லிக்கொண்டிருந்தது. வயிற்றில் குண்டுபட்ட ஒருவன் வீட்டுக்குப் போகணும் என்று அழுதபோது, "நாளைக்குக் கப்பல் வருது தோத்தோ. உன்னத்தான் முதல்ல ஏத்துறாங்க" என்றாள். பெயர் தெரியாத வாலிபர்களெல்லாம் அவளுக்குத் தோத்தோதான். பால் குடித்த பிள்ளை மாதிரி அவன் கண்ணை மூடிக்கொண்டான். பிறகு அடுத்தவனுக்குச் சொன்னாள். மற்ற நர்ஸுகளும் சொல்ல ஆரம்பித்தார்கள். மார்ஃபின் தீர்ந்துபோன இடத்தில் வலிக்குக் கொடுக்க அந்த ஒரு வாக்கியம்தான் மிஞ்சியிருந்தது.

படுத்துக்கிடப்பவர்களுக்கு வேறென்ன வேலை? காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தார்கள். அவள் யாரிடம் கப்பல் என்கிறாளோ அவன் பிழைப்பதில்லை என்று முதலில் கண்டுபிடித்தவர் சார்ஜண்ட் கனூத்தோ. முழங்காலுக்குக் கீழே ஒரு கால் இல்லாதவர். "மிஸ், என்கிட்ட மட்டும் கப்பல் பேச்சே எடுக்காதீங்க. எனக்குக் கடல் காத்து ஒத்துக்காது" என்று ஒருநாள் சத்தமாகச் சொன்னார். வார்டே சிரித்தது. ரொசெண்டாவுக்கு மட்டும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஆனாலும் சாகிறவன் கையைப் பிடித்துக்கொண்டு கேட்கும்போது சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவனும் தெரிந்துகொண்டேதான் கேட்டானோ என்னவோ.

மூட்டை தூக்கிக்கொண்டிருந்த இலாரியோவை எதிர்க்கரையில் இலோய்லோ துறைமுகத்திலிருந்து கொண்டுவந்தார்கள். தொடையில் குண்டுச் சிதறல். கட்டு மாற்றுவதெல்லாம் அவளேதான். இன்று காலை கட்டை அவிழ்த்ததும் கெட்டுப்போன பழம் மாதிரி நாற்றம் வந்தது. டாக்டர் பார்த்துவிட்டுக் கை கழுவப் போனார். அவள் தொட்டி வரைக்கும் பின்னாலேயே போனாள்.

"அழுகல் இடுப்பைத் தாண்டிடுச்சும்மா. வெட்ட இடமே இல்ல."

"இன்னிக்கா?"

"ராத்திரி வரைக்கும் தாங்காது. நீ போய் அவன் பக்கத்துல உக்காரு. வேலையை மத்தவங்க பாத்துப்பாங்க."

உட்கார முடியாது. பகல் வேளையில் ஒரு நர்ஸ் ஒரு கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தாள் என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று வார்டுக்கே தெரியும். அவனுக்கும் தெரியும். சாகிற நிமிஷம் வரைக்கும், தான் வீட்டுக்குப் போகப்போகிறோம் என்றே அவன் நினைத்துக்கொண்டிருக்க வேண்டும். அவளுக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது. அதனால்தான் கழுவின கட்டிலையே மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தாள்.

கட்டில் முடிந்ததும் தரை. தரை முடிந்ததும் அங்கேயே குந்தி, கொதிக்கவைத்துக் காயப்போட்டிருந்த பழைய கட்டுத்துணிகளைச் சுருட்டினாள். உப்புநீர் மருந்து தீர்ந்துபோனதால் இளநீரைத்தான் நரம்பில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அதற்குக் காய் சீவி வைத்தாள். வெள்ளை உடுப்பு எதிரி விமானத்துக்குத் தெரிகிறதென்று கொய்யாப் பட்டையில் முக்கிச் சாயமேற்றியதிலிருந்து, அவளைப் பார்த்தால் இலாரியோவுக்குச் சிரிப்பு.

"மனாங், நீ இப்போ காஞ்ச கருவாடு மாதிரியே இருக்க."

"நீ மட்டும் என்ன? சீவிச் சீவி முடியெல்லாம் கொட்டிப்போச்சு. எந்தப் பொண்ணு பாப்பா உன்ன?"

"என் சீப்பு மேல கண்ணு வைக்காத."

மத்தியானம் விமானங்கள் வந்தன. மீன் படகுத் துறையில் குண்டு விழுந்தது. சிப்பாய், செம்படவன், மீன் வாங்க வந்தவர்கள் என்று எல்லோரையும் கதவுப் பலகையில் தூக்கி வந்து வராந்தாவில் போட்டார்கள். அப்புறம் ரொசெண்டாவுக்குக் கை ஒழியவில்லை. கட்டினாள், பிடித்தாள், அழுத்தினாள். ஒருவனிடம் குனிந்து, நாளைக்குக் கப்பல் வருது என்றாள். அடுத்தவனிடம் சொன்னாள். பாதி முகம் இல்லாத ஒருவனிடமும் சொன்னாள். கண் இருட்டிக்கொண்டு வந்தது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

தட்டில் துணி எடுக்க வார்டுக்குள் ஓடி வந்தபோது ஒரு கை அவள் பாவாடையைப் பிடித்தது.

"தண்ணி."

துணியை நனைத்து உதட்டில் பிழிந்தாள். நெற்றியில் கை வைத்தாள். வாய் தானாகச் சொல்லிற்று:

"கொஞ்சம் பொறுத்துக்கோ தோத்தோ. நாளைக்குக் கப்பல் வருது. உன்னத்தான் முதல்ல ஏத்துறாங்க."

வரிசையில் பேச்சு நின்றுவிட்டது. முனகிக்கொண்டிருந்தவன்கூட முனகவில்லை. கனூத்தோ முழங்கையை ஊன்றி எழுந்து அவளையே பார்த்தார். அப்போதுதான் அவள் குனிந்து முகத்தைப் பார்த்தாள்.

இலாரியோ அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஐயோ, இல்லடா, இலாரியோ, வெளிய பேசினது அப்படியே வந்துடுச்சு. உனக்கில்லடா. உனக்குப் படகுதான். ஓட்டைப் படகு..."

"சரி மனாங்."

"நான் வாய் தவறி..."

"அழாத. எல்லாரும் பாக்கிறாங்க." மூச்சு வாங்கிக்கொண்டான். "கப்பல்ல நான் போனதே இல்ல, தெரியுமா? துறையில எத்தனை மூட்டை ஏத்தியிருப்பேன். உள்ள போய்ப் பாத்ததில்ல."

தலையணைக்கு அடியில் கைவிட்டுத் துழாவினான்.

"சார்ஜண்ட், இந்தச் சீப்பை நீங்க வச்சுக்கங்க."

கனூத்தோவுக்கு வழுக்கை. வேறு நாளாக இருந்தால் அதை வைத்து ஒரு வாரத்துக்குச் சிரித்திருப்பார்கள். அவர் கை நீட்டி வாங்கிக்கொண்டார்.

இனி மறைக்க என்ன இருக்கிறது? ரொசெண்டா தரையில் உட்கார்ந்து அவன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பாவி, பாவி என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டாள். அதுவும் கொஞ்ச நேரம்தான். வராந்தாவிலிருந்து டாக்டர் கத்தினார். ஒரு செம்படவனுக்குத் தொடை நரம்பு அறுந்து ரத்தம் பீறிட்டுக்கொண்டிருந்தது. விரல் வைத்து அடைத்துப் பிடிக்க ஆளில்லை.

"போ மனாங்" என்றான் இலாரியோ.

போனாள். விரலை எடுத்தால் அந்த ஆள் போய்விடுவான் என்பதால் எடுக்கவே முடியவில்லை. ஜன்னல் வழியாகத் தம்பியின் கட்டிலின் கால்மாடு மட்டும் தெரிந்தது. கனூத்தோ ஒற்றைக்காலோடு இறங்கி நகர்ந்து அங்கே போவதையும், சிலுவை போட்டுக்கொள்வதையும் பார்த்தாள். விரலை எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்தச் செம்படவனும் போய்விட்டான்.

பொழுது சாயுமுன் இருவரையும் மாந்தோப்பில் புதைத்தார்கள்.

மறுநாள் விடியற்காலையில் டாக்டர் படியேறி ஓடி வந்தார். கண்ணில் நீர்.

"வந்துடுச்சும்மா! நெசமாவே வந்துடுச்சு! முனைக்கு அந்தப் பக்கம் நிக்குது. விமானம் வர்றதுக்குள்ள எல்லாரையும் ஏத்திடணும். போ, போய்ச் சொல்லு!"

ரொசெண்டா வார்டுக்குள் போனாள். எல்லோரும் விழித்துத்தான் இருந்தார்கள்.

"கப்பல் வந்திருக்கு" என்றாள்.

ஒருவரும் அசையவில்லை. ஒருவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். இன்னொருவன் போர்வையைத் தலைவரைக்கும் இழுத்துக்கொண்டான். ஆட்கள் மூங்கிலில் கட்டிய தூளியோடு வந்து முதல் கட்டிலான கனூத்தோவின் கட்டில் பக்கம் நின்றார்கள்.

"மிஸ்" என்றார் அவர். "எனக்குப் புண்ணு ஆறிடுச்சு மிஸ். நேத்துகூட நீங்கதானே சொன்னீங்க, ஆறிடுச்சுன்னு."

"ஆறிடுச்சு சார்ஜண்ட். இது நெசக் கப்பல்."

"கஞ்சிகூட முழுசா குடிச்சேன் மிஸ்."

வெளியே கப்பல் ஊதிற்று. கனூத்தோ இரண்டு கையாலும் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். ரொசெண்டா மண்டியிட்டு, மூங்கிலிலிருந்து அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கத் தொடங்கினாள்.