சட்டி மூழ்கும் வரை

எங்கள் பழவேற்காட்டுக் குப்பத்தில் வருடத்துக்கு ஒரு நாள் யாரைப் பற்றியும் என்ன வேண்டுமானாலும் பேசலாம். மற்ற நாட்களில் முதுகுக்குப் பின்னால் பேசிக்கொள்ளலாம். அந்த ஒரு நாள் பேசுகிறவனுக்கு வாய்க்காரன் என்று பெயர். ஐந்து வருடமாக அது நான்தான், நாகப்பன்.

ஏரியில் யாருக்கு எந்த இடம் என்று சீட்டுப் போட்டுப் பாடு பிரிக்கிற நாள் அது. சீட்டு எடுப்பதற்கு முன் வாய்க்காரன் முழங்கால் தண்ணீரில் நின்று ஊர்க் குறைகளைச் சொல்வான். பக்கத்தில் அடியில் ஓட்டை போட்ட மண்சட்டி ஒன்று மிதக்கும். அது மூழ்கும் வரை அவனை யாரும் மறித்துப் பேசக் கூடாது, கை வைக்கக் கூடாது. அவன் சொன்ன குறையைத் தீர்த்துவிட்டுத்தான் சீட்டு. அவன் சொல்லாதது அடுத்த பாடு வரைக்கும் குறையே இல்லை. சட்டி மூழ்கிய பிறகு தொண்டை கிழியக் கத்தினாலும் செல்லாது.

போன வருடம் ஒரு சின்ன சங்கடம் ஆகிவிட்டது. சேகு மரக்காயர் நல்ல நாள் பார்த்து இறக்கிய கப்பல் முகத்துவாரத்து மணலில் பதினோரு நாள் உட்கார்ந்திருந்ததைச் சொன்னேன். செட்டித் தெருக்காரர்கள் சிரித்தார்கள். மரக்காயர் தெருவிலிருந்து யாரோ மணலை வாரி வீசினார்கள். அப்புறம் இரண்டு தெருவும் கட்டிப் புரண்டதில் இரண்டு துடுப்பு முறிந்தது, ஒருவருக்கு முன்பல் போனது. பழி மொத்தமும் என் நாக்கின் மேல் விழுந்தது. மணலை வீசிய கையைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை.

அதனால் இந்த வருடம் பாடு பிரிப்பதற்கு முதல் நாள் பொறுப்புள்ள பெரியவர்கள் கூடி, நான் எதைப் பேசலாம் என்று முடிவு செய்வதாக ஏற்பாடு.

அந்தக் கூட்டத்துக்குப் போகிற வழியில் இருசம்மாள் தண்ணீரிலிருந்து ஏறி வந்தாள். கையால் சேற்றைத் தடவி இறால் பிடிக்கிறவள். இரண்டு கையும் சேற்றுக்குள் இருப்பதால், பிடித்த இறாலைப் போடுகிற ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொள்வாள். அவர்கள் கூட்டமே அப்படித்தான். விடிந்ததிலிருந்து உச்சி வரை ஏரியில் வம்பு பேசாத ஒரே ஜனம் அதுதான்.

பறியைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னாள்: "அண்ணா, கோரைமேட்டு ஓரம் பூரா நாட்டாரு கழி நட்டு வலை கட்டிட்டாரு. அந்த முட்டளவு தண்ணிய வுட்டா எங்களுக்கு ஏது எடம்? எங்களுக்கு சீட்டும் கெடையாது, கூட்டத்துல பேச்சும் கெடையாது. நீ சொன்னாத்தான் உண்டு. ரெண்டு புள்ளைங்கள வச்சிகினு கீறேன்."

"சொல்றேன் போ. இன்னா, என் வாயி மேல நம்பிக்கை இல்லியா?"

"அது மேலதான் இருக்குது" என்றாள்.

மரக்காயரின் கிடங்கில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் குப்பத்துத் தலைவரான நாட்டார் சுப்பராயலு, சேகு மரக்காயர், துணி வியாபாரம் செய்யும் கேசவ செட்டி, அமைதி காப்பதற்காகக் கோட்டையிலிருந்து வந்த ஒல்லாந்துச் சின்ன துரை. துரை சொன்னதைத் துபாஷி எங்களுக்குச் சொன்னான். அவர்கள் தேசத்தில் எவனும் எதையும் பேசலாமாம். இங்கே பல ஜாதி, பல மதம் கலந்திருப்பதால் பார்த்துப் பேச வேண்டுமாம். குறிப்பாக, துரை ஏரியில் விழுந்த கதையைப் பேசவே கூடாதாம்.

"கப்பல் பேச்சு வேணாம் தம்பி, மனசு புண்படுது" என்றார் மரக்காயர்.

"யாரு மனசுங்க?"

"என் மனசுதான். செட்டியார் துணி சாயம் போறத சொல்லேன், ஊருக்கு நல்லது."

"சாயம் போறது வியாபார ரகசியம்" என்று செட்டியார் துள்ளினார். "கப்பல சொல்லு, ஜனங்களுக்கு எச்சரிக்கையா இருக்கும்."

நாட்டார் பொறுமையாகத் தொண்டையைச் செருமினார். "கோரைமேட்ட தொடாத நாகப்பா. ஊர் ஒத்துமைக்கு கேடு."

"அப்போ நான் இன்னாதான் பேசறது?"

"இறால் தடவுறவங்க தண்ணிய கலக்கி மீன ஓட்டுறாங்கனு சொல்லு. யாரும் சண்டைக்கு வர மாட்டாங்க."

நான்கு தலையும் ஒன்றாக ஆடின. நான்கு தரப்புக்காரர்களை இப்படி ஒற்றுமையாக நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "சரிங்க" என்றேன்.

மறுநாள் காலை தண்ணீரில் இறங்கிச் சட்டியை மிதக்கவிட்டேன். நாட்டார் சங்கதியைக் கடைசிக்கு வைத்திருந்தேன். முதலில் கூட்டத்தைக் கையில் எடுப்போம் என்று ஒரு திமிர்.

"பெரியவங்க பொறுப்பா பேச சொல்லிட்டாங்க. அதனால மரக்காயர் கப்பல் மணல்ல உக்காந்தத நான் சொல்லவே மாட்டேன். பதினோரு நாளும் தண்ணி ஏறலனு அவரு நிலாவ திட்டினத சத்தியமா சொல்ல மாட்டேன்!"

கரை குலுங்கியது. மரக்காயரே சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார்.

"செட்டியார் துணிய கட்டிகினு மழைல நனைஞ்ச மாப்பிள்ள மூணு நாளு செவப்பா திரிஞ்சத நான் பேச மாட்டேன். முட்டளவு தண்ணில வுழுந்துட்டு நாலு பாஷைல 'காப்பாத்து'னு கத்துன துரைய பத்தி மூச்சு வுட மாட்டேன்!"

போன வருடம் பல்லை உடைத்துக்கொண்ட இரண்டு தெருவும் தோளில் தோள் சாய்ந்து சிரித்தன. "துரை எப்படி வுழுந்தாரு?" என்று யாரோ கேட்டார்கள். காட்டினேன். "இன்னொரு வாட்டி!" என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. கையைக் காலை உதறிக்கொண்டு தொபுக்கென்று மல்லாக்க விழுந்தேன்.

எழுந்து கண்ணைத் துடைத்துப் பார்த்தால் சட்டியைக் காணோம். நான் கிளப்பிய அலை அதை நிரப்பிவிட்டது.

"கோரைமேட்டுல..." என்று ஆரம்பித்தேன்.

"சட்டி முழுகிட்டுது நாகப்பா" என்றார் நாட்டார், ரொம்ப அன்பாக.

சீட்டு எடுத்தார்கள். மரக்காயர் பேரீச்சம்பழம் கொடுத்தார். செட்டியார் ஒரு சிவப்புத் துண்டைப் போர்த்தினார். ஈரத்தில் அது என் தோளெல்லாம் சாயம் ஏற்றியது. இதுதான் பொறுப்பான பேச்சு என்று துரை சொன்னதாகத் துபாஷி சொன்னான். நாட்டார் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். அத்தனையையும் வாங்கிக்கொண்டேன், வெட்கங்கெட்டவன்.

கூட்டம் கலைந்த பிறகு இருசம்மாள் வந்தாள். பறி கையில் இருந்தது.

"அடுத்த வாட்டி மொதல்ல உன் சேதிதான்" என்றேன்.

"நல்லா இருந்திச்சி அண்ணா" என்றாள். "நானும் சிரிச்சிட்டேன்."

நான் வேறு ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் திரும்பி நடந்தாள். தண்ணீரில் இறங்கிய பிறகுதான் பறியைக் கடிப்பார்கள். அவள் கரையிலேயே கடித்துக்கொண்டாள்.