ஒத்திகையில் சொன்ன பதில்

அந்தச் சனிக்கிழமை நடந்ததைச் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்பதில் எனக்கே நிச்சயமில்லை. அவர்கள் அவ்வளவு சிரித்திருக்க மாட்டார்கள். அந்த டீ அவ்வளவு மணத்திருக்காது. பொறாமையோடு பார்த்ததை மனம் கொஞ்சம் பெரிதாக்கித்தான் வைத்துக்கொள்கிறது.

உத்திரமேரூரில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் ஆசிரியர் சங்கத்தின் அறை இருக்கிறது. வேலைக்கு வந்த நாளிலிருந்து அந்தக் கடையைக் கடந்து போயிருக்கிறேன், மாடி ஏறியதில்லை. கோஷம், சால்வை, குரூப் போட்டோ, இவ்வளவுதான் அங்கே என்று எண்ணியிருந்தேன். காலை இடைவேளையிலும் புத்தகத்தோடு ஒதுங்கி உட்காருகிறவன் நான்.

காவாந்தண்டலத்தை அடுத்த சிற்றூரில் எங்கள் தொடக்கப் பள்ளி. தலைமை ஆசிரியை திலகா, பீட்டர், நான் என்று மூன்று பேர். அந்த ஆண்டு பிள்ளைகள் குறைந்ததால் ஓர் ஆசிரியர் உபரி என்று வந்துவிட்டது. அந்தப் பள்ளிக்குக் கடைசியாக வந்தவர் வேறிடம் போக வேண்டும். அது நான். காலியிடம் குன்றத்தூருக்கு அப்பால் இருந்தது.

என் அப்பா பக்கவாதத்தில் படுத்திருந்தார். நான் ஊட்டினால் மட்டுமே விழுங்குவார். மதிய இடைவேளையில் பைக்கில் போய் ஊட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். குன்றத்தூர் போனால் அது முடியாது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மதியங்களில் நான் ஓடுவதைப் பார்த்திருந்த பீட்டராகத்தான் வந்து பேசினார்.

"சனிக்கிழம மாடிக்கு வா."

"நான் சங்கத்துல இல்லையே, சார்."

"சங்கத்துல இல்லன்னா இன்னா? ஸ்கூல்ல கீற இல்ல?"

போனேன். யாருக்காகவாவது கல்வி அதிகாரியைப் பார்க்கப் போகுமுன் ஒத்திகை பார்ப்பது அவர்கள் வழக்கம். ஒருவர் அதிகாரியாக உட்கார்ந்து மற்றவர்களைச் சீண்டுவார். கோபப்பட்டுவிட்டவர் அலுவலகத்தில் வாய் திறக்கக் கூடாது. ஜெயப்பிரியா டீச்சருக்கு அரசாணைகள் எல்லாம் மனப்பாடம். ஆனால் சுருக்கென்று கோபம் வந்துவிடும். அதனால் அவர் பின்னால் நின்று எடுத்துக்கொடுப்பார். எதற்கும் அசையாத புருஷோத்தமன் முன்னால் நின்று பேசுவார். அதிகாரி எப்போதும் சங்கத்தில் மூத்தவரான ஏகாம்பரம் சார்தான்.

அவர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டார். "இன்னாய்யா, கும்பலா வந்துகீறீங்க. வூட்ல வேல இல்லியா?"

"ஐயா, இவரோட அப்பாவுக்கு உடம்பு முடியல," என்றார் புருஷோத்தமன்.

"எங்கப்பாவுக்குந்தான் மூட்டுவலி. நான் ஆபீசுக்கு வர்ல?"

"உங்கப்பா போய்ச் சேந்து எத்தினி வருசம் ஆவுது, சார்," என்றார் ஜெயப்பிரியா பின்னாலிருந்து.

"ஆபீசரோட அப்பா சாவ மாட்டாரும்மா. உன்ன யாரு கேட்டா?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லுப்பா. உனுக்கு இன்னா கஷ்டம்?"

நான் டீ டம்ளரைக் கையில் உருட்டினேன். கீழே ஜெராக்ஸ் மெஷின் ஓடுவது கேட்டது. அவர்கள் காத்திருந்தார்கள்.

"இவுரு நம்ம ஆபீஸ் ஃபைலு மாதிரியே கீறாரு," என்றார் ஏகாம்பரம். "வெச்ச எடத்துலியே கீறாரு." எல்லோரும் சிரித்தார்கள். பிறகு மேசையைத் தட்டினார். "ரூல் ரூல்தான். ஒருத்தர் போயே ஆவணும். இவுரு போவலன்னா வேற யாருய்யா போவாங்க?"

டீயை ஊதிக்கொண்டிருந்த பீட்டர், "நான் போறேங்கய்யா," என்றார்.

மறுபடி சிரிப்பு. நானும் சிரித்தேன். ஒத்திகைதானே. ஏகாம்பரம் கண்ணாடியைக் கழற்றி மடித்தார். "சரி, முடிஞ்சிது. டீ ஆறுது, குடிங்க."

திங்கட்கிழமை காஞ்சிபுரம் போனோம். அங்கிருந்த பெண் அதிகாரி யாரையும் சீண்டவில்லை. புருஷோத்தமன் பேசியதைப் பொறுமையாகக் கேட்டார். "புரியுது சார். ஆனா ஒருத்தர் போகணுமே. அதே ஸ்கூல்ல சீனியர் யாராவது விருப்பப்பட்டா எனக்கு ஆட்சேபணை இல்ல."

"நான் போறேங்க மேடம்," என்றார் பீட்டர். சனிக்கிழமை சொன்ன அதே குரல்.

நான் ஒருவன்தான் திரும்பிப் பார்த்தேன். ஜெயப்பிரியா அசையவில்லை. புருஷோத்தமன் அடுத்த சொல்லைத் தயாராக வைத்திருந்தார். எல்லாம் மாடியிலேயே முடிந்துவிட்டிருந்தது. அங்கே சிரித்தவர்களில் நான் மட்டும்தான் அதை விளையாட்டு என்று நம்பியிருக்கிறேன்.

வெளியே வந்ததும் கேட்டேன். "ஏன் சார்?"

"நான் சாலவாக்கத்துல இருந்தப்ப என்னை அனுப்பப் பாத்தாங்க. முனியன் சார் எனக்காவப் போனாரு. இப்ப என் முறை. அவ்ளோதான்."

"எப்ப பேசி வெச்சீங்க?"

"இதுல பேசறதுக்கு இன்னா கீது?" என்றார்.

புருஷோத்தமன் பைக்கைக் கிளப்பினார். "குன்றத்தூர்ல முருகன் கோயிலு கீது பீட்டரு. தெனம் படி ஏறு, தொப்ப கொறையும்."

"ஏறிப்போனா மேல நம்மாளு இல்லியேய்யா."

"அவுரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு, ஏறு."

பீட்டர் பின்னால் உட்கார்ந்து அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். சிரித்துக்கொண்டே போனார்கள். சாப்பிடக் கூப்பிட்டார்கள், அப்பாவுக்கு நேரமாகிறது என்றேன். உண்மைதான். ஆனால் அதுமட்டும் காரணமில்லை.

வீட்டில் ரசம் சாதத்தைப் பிசைந்து அப்பாவுக்கு ஊட்டினேன். என் இடம் தப்பியிருந்தது. நன்றி நிறைந்திருக்க வேண்டிய மனதில் பீட்டரின் மேல் பொறாமையே நிறைந்திருந்தது. ஊரை இழந்தவர் அவர். பழகிய வகுப்பை, வீட்டுச் சாப்பாட்டை இழந்தவர் அவர். இருந்தும் ஒரு முதுகில் அப்படி உரிமையோடு அடிக்கவும், யாரும் கேட்காமலே ஒருவருக்காகப் போகவும், போவார் என்று மற்றவர்கள் சொல்லாமலே அறிந்திருக்கவும் அவரால் முடிந்தது. நான் அதே பள்ளியில், அதே பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பக்கங்களைப் புரட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன். நான் போவேன் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். நானும் நினைத்ததில்லை.

அப்பா விழுங்கிவிட்டு வாயைத் திறந்தார். அடுத்த கவளத்தை வைத்தேன்.

பீட்டர் இப்போது குன்றத்தூர் பக்கமே வீடு பார்த்துக் குடும்பத்தோடு இருக்கிறார். ஏகாம்பரம் சார் ஓய்வு பெற்றுவிட்டார். ஜெயப்பிரியா டீச்சர் சங்கத்தின் வட்டாரச் செயலாளர். புருஷோத்தமன் இன்னும் முன்னால் நின்று பேசுகிறார். திலகா டீச்சர் அதே பள்ளியில் இருக்கிறார். அப்பா அடுத்த தை மாதம் இறந்துபோனார். நான் சங்கத்தில் சேர்ந்துவிட்டேன். சனிக்கிழமைகளில் மாடிக்குப் போகிறேன். இன்றுவரை யாருக்காகவும் நான் போக வேண்டி வந்ததில்லை.